விதரிங்

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில்
எண்பது ரூபாய்க்கு வாங்கிவந்தாள் சுகந்தினி.
அட்டை போய்விட்டது. தலையணைக் கனம்.
ஐயாயிரம் உயர்தர ஆங்கிலச் சொற்கள்.
நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகும் பரீட்சை,
இன்னும் நாற்பது நாள்.
படிப்பது அவள் பாடு,
கேள்வி கேட்பது என் பாடு.

எனக்கு ராத்திரி ஷிஃப்ட்.
கோத்தகிரிக்குக் கீழே தேயிலை ஃபாக்டரி,
எட்டுத் தொட்டி, ஒவ்வொன்றிலும்
ஒரு சாண் கனத்துக்குப் பச்சை இலை.
அடியிலிருந்து காற்று ஊத ஊத
மணிக்கொரு தரம் கையைவிட்டுப் பார்ப்பேன்.
பிடித்த பிடியில் உருண்டையாக நிற்க வேண்டும்,
காம்பு வளைய வேண்டும்,
முறியும் சத்தம் கேட்கக் கூடாது.
விதரிங் என்போம்.
அது இங்கிலீஷ் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை,
சம்பளச் சீட்டில் இருக்கிற சொல்.

நேற்று அவள் கிழித்துக் கொடுத்த தாளில் அது இருந்தது,
நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில்.
பொருள்:
எதிரே நிற்பவரைக் கூனிக் குறுக வைக்கும் பார்வை.
சிரித்துவிட்டேன்.
ஃபேன் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.
பதினைந்து வருஷமாக இலையை
அதைத்தானே செய்கிறேன்,
ஒரு வார்த்தை திட்டாமல்.

அதற்கப்புறம் தாளில் எங்கள் ஆட்களாகத் தேட ஆரம்பித்தேன்.
ப்ளக்கி என்றால் துணிச்சல்காரியாம்.
பாதையை மறித்த காட்டெருமை முன்னால்
இடுப்புப் படுதாவை அவிழ்த்து உதறிய என் அம்மா
மஸ்டர் ரோலில் வெறும் ப்ளக்கர்.
ஃபெர்மென்ட் என்றால் கொந்தளிப்பாம்.
எங்கள் ஃபெர்மென்டிங் அறையில்
ஈரத் தரை, ஆப்பிள் வாசம்,
பூனைகூடச் சத்தம் போடாது.

டிரையரில் நின்ற போஜனிடம் போய்ச் சொன்னேன்:
"அண்ணே, ஃபயரிங் என்றால்
ஆளை வேலையைவிட்டு அனுப்புவதும்தானாம்."
அவர் தூளைக் கரண்டியில் எடுத்து மோந்து
திரும்பக் கொட்டிவிட்டு,
"அதற்கு எதற்கடா புத்தகம்" என்றார்.
பச்சை இலை விலை இறங்கியதிலிருந்து
அவர் நகைச்சுவையில் கொஞ்சம் ஈரப்பதம் குறைவு.

விடிந்தால் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம்.
நான் இறங்கி வருவேன், அவள்
ஆறு நாற்பது குன்னூர் வண்டிக்கு நிற்பாள்.
பனியில் எதிரே இருக்கும் பேக்கரி தெரியாது,
பன் வாசம் மட்டும் வரும்.
"எஃபெமரல்?"
"கொஞ்ச நேரமே இருப்பது."
"உதாரணம்?"
இந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்வாள் என்று பார்த்தேன்.
"ஈசல்" என்றாள்.
"ரெசிலியன்ட்?"
"மிதித்தாலும் எழும்புவது. உதாரணம், ஸ்பாஞ்ச்."
"மெல்லி... மெல்லிஃபு..."
"நீங்கள் விடுங்கள். தேன் மாதிரிக் குரல்.
அடுத்தது."

ஒரு சொல்லை மட்டும் கேட்காமல் தாண்டினேன்.
அக்ஸோரியஸ்.
மனைவிமேல் அளவுக்கு மீறிய பிரியம் வைத்தவன்.
அளந்தது யார்?
எந்தத் தராசில்?
சாக்குக்கு இரண்டு கிலோ
ஈரத்துக்கு மூன்று கிலோ என்று
கழித்துவிட்டு எழுதுகிற
எங்கள் இலைத் தராசிலா?

அந்த மூலையை மட்டும் கிழித்து
சட்டைப் பையில் போட்டேன்.
மத்தியானம் தூங்கி எழுந்தபோது
வியர்வையில் மை பரவி
அக்ஸோ வரைக்கும்தான் மிச்சம்.

பரீட்சையில் அது வராது என்றுதான் நினைக்கிறேன்.
வந்து அவள் விட்டிருந்தால்
அந்த ஒரு மார்க்
என்னால் போனது.